நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

எங்கள் மெத்தைத் தொழிற்சாலையில் நாற்பத்து மூன்று பேர் வேலை பார்க்கிறோம். அதில் சதவீதம் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் மேனேஜர், இன்னொருத்தி நான். மற்ற நாற்பத்தொரு பேரும் அந்தச் சொல்லை நாளெல்லாம் வாயில் போட்டு மெல்லுவார்கள். "நூறு சதவீதம் உண்மை" என்பார்கள், "தொண்ணூத்தொம்பது சதவீதம் நாளைக்கு வந்துருவேன்" என்பார்கள். கடைவாசலில் "ஐம்பது சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் இருபது சதவீதம்" என்று பலகை வைத்தால், எழுபது குறைந்தது என்று துள்ளிக்கொண்டு போய் வேண்டாத போர்வையில் இரண்டு வாங்கி வருவார்கள். குறைந்தது எழுபது இல்லை, அறுபது என்று நான் சொன்னால், "உனக்கென்ன, ஒண்டிக்கட்டை" என்று பதில் வரும். ஒண்டிக்கட்டைக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் சம்பளப் பிரிவு. பிரிவு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், வேலைக்கூடத்தைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி ஜன்னல், அப்புறம் நான். ஃபோம் வெட்டும் தூசி கதவிடுக்கு வழியாக வந்து கீபோர்டில் படியும், தினமும் காலையில் துடைப்பேன். பதினெட்டு வருஷத்தில் ஒருத்தர் சம்பளத்திலும் ஒரு பைசா கூடக்குறைய விழுந்ததில்லை. எனக்கு "கால்குலேட்டர்" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அவர்களுக்குக் கேலி செய்யக்கூடத் தெரியாது.

ஜன்னலுக்கு நேர் எதிரே அண்ணனின் வெட்டு மேஜை. என் கூடப்பிறந்த அண்ணன்தான். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்குவதால் கூடத்தில் அவன் பெயர் "டேப்பு". ஆள் உயரத்துக்கு நிற்கும் ஃபோம் கட்டியை நீளக்கத்தியில் தள்ளுவான், கேட்ட அளவுக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் பலகை பலகையாக வந்து விழும். அந்தக் கை யாருக்கும் வராது, அதை நானே ஒத்துக்கொள்வேன். ஆனால் ஃபோம் வெட்டுகிறவனுக்கு உலகமே ஃபோம். எதையும் வெட்டலாம், வெட்டியதைத் திரும்ப ஒட்டலாம், ஒட்டினால் பழைய அளவு வந்துவிடும் என்பது அவன் நம்பிக்கை. இருபத்தைந்து வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறான்.

போன வருஷம் ஆர்டர் படுத்துவிட்டது. முதலாளி எல்லோருக்கும் இருபது சதவீதம் சம்பளத்தை வெட்டினார். ஆளை வெட்டவில்லையே என்று அத்தனை பேரும் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணனுக்கு முப்பதாயிரம் இருபத்து நாலாயிரமானது. அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான்தான். என்னுடையதையும் நானேதான் குறைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் ஆர்டர் திரும்பி வந்தது. கூடவே வீட்டு விஷயமும் வந்தது.

நாங்கள் மூன்று பேர், அண்ணன், அண்ணி, நான். பன்னிரண்டு வருஷமாக ஒரே வாடகை வீட்டில் இருக்கிறோம். முன்னால் ஒரு கூடம், நடுவில் அவர்கள் அறை, பின்னால் சந்துப் பக்கம் பார்த்த சின்ன அறை என்னுடையது. வீட்டுக்காரர் மகனோடு போய் இருக்கப்போவதாகவும், விற்பதென்றால் முதலில் எங்களுக்குத்தான் என்றும் சொன்னார். அண்ணி தன் நகையெல்லாம் விற்றார். அண்ணன் சேமிப்பைத் துடைத்து எடுத்தான். இரண்டும் சேர்ந்து வீட்டு விலையில் சரியாக இருபது சதவீதம், அதை முன்பணமாகக் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குள் மீதியைக் கொடுக்காவிட்டால் முன்பணம் திரும்பாது, வீட்டையும் காலி செய்ய வேண்டும். இது ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது, படித்துக் காட்டியதும் நான்தான். நான் பணம் எதுவும் போடவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

மீதி எண்பதுக்கு பேங்க். கடன் பிரிவில் இருந்தவர் விதியைச் சொன்னார். மாதச் சம்பளம் முப்பதாயிரமோ அதற்கு மேலோ இருந்தால் வீட்டு விலையில் எண்பது சதவீதம் கடன் கிடைக்கும். அதற்குக் கீழே போனால் அறுபதுதான்.

"இப்ப இருபத்து நாலு வாங்குறீங்க. சம்பளம் பழையபடி ஆனதும் அந்தச் சீட்டோட வாங்க, முடிச்சுடலாம்" என்றார்.

"என் சம்பளத்தையும் சேர்த்துக்கங்களேன்" என்றேன் நான்.

"தங்கச்சி வருமானத்தைச் சேர்க்க மாட்டோம்மா. நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போயிடுவீங்க."

எனக்கு நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. அந்த ஆளின் கற்பனையை நினைத்து வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆக, வீடு முழுக்க ஒரே ஒரு எண்ணில் தொங்கியது. அண்ணனின் சம்பளம் மறுபடி முப்பதாயிரம் ஆக வேண்டும். ஆகும் என்றுதான் எல்லோரும் நம்பினோம். சம்பளத்தைத் திரும்பக் கேட்க ஆட்கள் ஒருத்தனைத் தேர்ந்தெடுத்தார்கள், அது அண்ணன். அளவு தப்பாத ஆள், அதிகம் கேட்டு வம்பு வளர்க்க மாட்டான், குறைத்துக் கேட்டுக் காலிலும் விழ மாட்டான் என்று அவன்மேல் அத்தனை நம்பிக்கை.

அந்த வாரத்தில் ஒருநாள் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"எல்லாருக்கும் இருபத்தஞ்சு சதவீதம் ஏத்தினா மொத்தம் எவ்வளவு வரும்னு ஒரு லிஸ்ட் எடு."

"இருபத்தஞ்சா சார்?"

"பழைய சம்பளத்துக்குக் கொண்டுபோகணும்னா இருபத்தஞ்சுதானே. முதலாளி ஒத்துக்கிட்டார். அவங்க வந்து கேட்கட்டும், கேட்டதும் குடுத்துடலாம். வெளியில மூச்சு விடாதே."

பட்டியலை எடுத்தேன். எண்பதில் கால்பங்கு இருபது, நூறு ஆகிவிட்டது. அண்ணன் பெயருக்கு நேரே முப்பதாயிரம் என்று வந்தது. அச்சடித்து ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அண்ணன் கூடத்தில் ஒரு ஃபோம் துண்டை வைத்துக்கொண்டு மேடைப்பேச்சு பழகிக்கொண்டிருக்கிறான். நூறு சென்டிமீட்டர் நீளத் துண்டு. பார்வையாளர் அண்ணி ஒருத்தர்தான்.

"இது நம்ம சம்பளம்" என்று டேப்பை வைத்து நூறைக் காட்டினான். கத்தியால் இருபதை அறுத்துத் தனியே வைத்தான். "இது அவங்க எடுத்தது." அறுத்த துண்டைத் திரும்ப எடுத்துப் பழைய இடத்தில் பொருத்தினான். "இதைத் திருப்பிக் குடுங்க. எடுத்தது இருபது சதவீதம், கேட்கிறதும் இருபது சதவீதம். அதுக்கு மேல ஒரு நூல் வேண்டாம், கீழ ஒரு நூல் விடமாட்டோம்."

அண்ணி தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று சிரித்தேன்.

"என்ன?" என்றான்.

"இருபது சதவீதம்னு கேட்டா தொண்ணூத்தாறுதான் வரும். இருபத்தஞ்சு கேளு."

"எடுத்தது இருபதுதானே. இருபத்தஞ்சு கேட்டா அதுக்குப் பேரு என்ன? திருட்டு."

"உன் மண்டையில இருக்கிறதும் ஃபோம்தான்."

"வாயை அளந்து பேசு. நாங்க பிச்சை கேட்கப் போகல, கொள்ளையடிக்கவும் போகல. எங்க துண்டை நாங்க கேட்கிறோம்."

எவ்வளவு கம்பீரம் பாருங்கள். தப்பான கணக்கை இத்தனை நேர்மையாகப் போட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை. அப்போது அண்ணிதான் என் பக்கம் திரும்பினார். கையில் பென்சில், பக்கத்திலேயே வீட்டுச் செலவு நோட்டு.

"எப்படி தொண்ணூத்தாறு வரும்? எனக்குப் புரியிற மாதிரி கொஞ்சம் சொல்லேன்" என்றார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டார், பென்சிலை என்னிடம் நீட்டியும் விட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு இந்த ஜென்மம் பத்தாது அண்ணி. அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும் இது."

சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டேன். அண்ணி பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடும் சத்தம் கேட்டது.

டிராயரில் பட்டியல் இருப்பதை அன்றே அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். யாராவது கேட்டால், மூச்சு விடாதே என்று மேனேஜர் சொன்னதால் சொல்லவில்லை என்று பதில் வைத்திருந்தேன். அது பொய். என் வார்த்தையே போதாதா, இவர்களுக்குச் சாட்சி வேறு கொண்டுவந்து காட்ட வேண்டுமா என்ற திமிர்தான். பதினெட்டு வருஷம் தப்பே செய்யாதவள் சொன்னால் நம்ப வேண்டியதுதானே.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் கூட்டம். அண்ணன் பெஞ்சுமேல் ஏறி நின்று அதே ஃபோம் வித்தையைக் காட்டினான். நூறு, அறுத்த இருபது, திரும்ப ஒட்டியதும் நூறு. வீட்டில் ஒத்திகை பார்த்ததால் கை இன்னும் லாகவமாக வந்தது. ஒட்டிய இடத்தை விரலால் தடவிக் காட்டி, "ஒட்டினதுகூடத் தெரியலை பாருங்க" என்றான். நாற்பது பேர் கைதட்டினார்கள். ஸ்பிரிங் பிரிவில் ஒருத்தன் விசிலே அடித்தான். நான் வாசலில் சாய்ந்து நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன் காட்டுறது சென்டிமீட்டர். நீங்க கேட்கப்போறது சதவீதம்" என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "எண்பதுல இருபது சதவீதம் எவ்வளவுன்னு இங்க ஒருத்தருக்காவது தெரியுமா? விரல் விட்டு எண்ணிக்கூடச் சொல்லலாம், கால்விரலையும் சேர்த்துக்கங்க."

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால்கூட யாராவது ஒருத்தர் கேட்டிருப்பார். ஆனால் எனக்கு ருசி கண்டுவிட்டது.

"தெரியாதில்ல. மெத்தை செஞ்சு செஞ்சு மூளையும் படுத்துடுச்சு. இருபத்தஞ்சு கேட்டாத்தான் பழைய சம்பளம். கேட்க மாட்டீங்க. நீங்கதான் ரொம்ப நாணயஸ்தங்க ஆச்சே."

மெத்தை ஓரம் தைக்கும் அக்கா முதல் ஆளாக எழுந்தார். கூடத்தில் வயதில் மூத்தவர், யாருக்கும் பயப்படாதவர்.

"ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறவளுக்கு நம்ம சம்பளம் ஏறினா வயிறு எரியுது. இருபத்தஞ்சு கேட்கச் சொல்லி, பேராசைப்படுறாங்கன்னு அவங்க ஒண்ணுமே குடுக்காம அனுப்பணும், அதானே உன் திட்டம்? மேனேஜர் சொல்லிக் குடுத்தாரா?"

அதற்கும் கைதட்டினார்கள். அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. பெஞ்சிலிருந்து இறங்காமலே சொன்னான், "நீ போய் பட்டனைத் தட்டு. இது வேலை செய்யிறவங்க கூட்டம்."

டிராயர் இருபது அடி தூரத்தில் இருந்தது. சாவி என் இடுப்பில். போய் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து ஓரம் தைக்கும் அக்காவின் கையில் கொடுத்திருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. பட்டுத் திருந்தட்டும் என்று மட்டும் நினைத்தேன். வீடு நினைவுக்கு வரவில்லையா என்று கேட்டால், வந்தது. முப்பதாயிரத்துக்கு இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு, ஆயிரத்து இருநூறுதான் குறையும், அதைப் போய் பேங்க்காரன் பெரிதாக எடுத்துக்கொள்வானா, கிட்டத்தட்ட முப்பது என்று போட்டுக்கொள்வான் என்று நினைத்தேன். ஒரு பைசாவைக் கிட்டத்தட்ட என்று எழுதாத நான் அப்படி நினைத்தேன்.

"நல்லா கைதட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பேச்சுவார்த்தை ஐந்து நிமிஷம்கூட நடக்கவில்லை. அண்ணன் கோரிக்கையைத் தன் கையாலேயே எழுதிக் கொண்டுபோயிருந்தான்: வெட்டிய இருபது சதவீதத்தை, இப்போது வாங்கும் சம்பளத்தில் இருபது சதவீதம் ஏற்றித் திருப்பித் தர வேண்டும், இரண்டு வருஷத்துக்கு வேறு எதுவும் கேட்கமாட்டோம். மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் படித்தார். பிறகு பேனாவை எடுத்தார். அண்ணன் வெளியே வந்து கையை உயர்த்திக் காட்டினான், கூடமே ஆர்ப்பரித்தது.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் டீக்கோப்பையோடு என் அறைக்கு வந்தார்.

"நான் இருபத்தஞ்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இருபது போதும்னு எழுதிக் கொண்டுவந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்ல முடியும்? அந்த லிஸ்ட்டைக் கிழிச்சுப் போட்டுடு." போகும்போது வாசலில் நின்று, "இந்தக் கட்டடத்துல கணக்கு தெரிஞ்ச ஆள் நீ ஒருத்திதான்" என்றார்.

எனக்கு அது இனித்தது. இப்போது எழுதும்போது உடம்பு கூசுகிறது, ஆனால் அன்று இனித்தது. பட்டியலை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

மாதக் கடைசியில் புதுச் சம்பளச் சீட்டு. கூடத்தில் ஒருத்தரும் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. ஏறியிருக்கிறது, அவ்வளவு போதும் அவர்களுக்கு. அண்ணனும் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அண்ணியையும் என்னையும் அழைத்துக்கொண்டு நேராக பேங்குக்குப் போனான். கெடு முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. அண்ணி பழைய புடவையை இஸ்திரி போட்டுக் கட்டியிருந்தார், கழுத்தில் ஒன்றும் இல்லை. வழியெல்லாம் எந்தச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். பின்னறைக்கு வெளிர்நீலம் என்றார் அண்ணி. அது என் அறை.

கடன் பிரிவுக்காரர் சீட்டை விரித்தார்.

"இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு போட்டிருக்கே."

"முப்பது" என்றான் அண்ணன்.

"சீட்டுல இருபத்தெட்டு எண்ணூறுதான் சார் இருக்கு."

அண்ணன் சீட்டை வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். பிறகு என்னைக் காட்டி, "இவதான் சீட்டு போடுறா. தப்பா அடிச்சிருக்கா" என்றான்.

"நான் தப்பா அடிக்கலை."

"வெட்டின இருபதையும் திருப்பிக் குடுத்துட்டாங்க. அப்புறம் எப்படிக் குறையும்?"

அந்தக் கடன் பிரிவுக்காரரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. எனக்கு இனிமேல் கல்யாணம் ஆகும் என்று நம்புகிற ஆள் அவர். ஆனால் அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எங்கள் பக்கம் பார்க்கும்படி வைத்தார்.

"பாருங்கம்மா" என்று அண்ணியைப் பார்த்துத்தான் சொன்னார். "முதல்ல நூறு இருந்துச்சு. நூறை அஞ்சு பங்கு போட்டு ஒரு பங்கை எடுத்தாங்க. எடுத்தது இருபது, மிச்சம் எண்பது. இப்ப அதே மாதிரி அஞ்சுல ஒரு பங்கு குடுக்கிறாங்க. ஆனா எதுல அஞ்சுல ஒரு பங்கு? கையில இருக்கிற எண்பதுல. எண்பதை அஞ்சாப் போட்டா ஒரு பங்கு பதினாறு. எண்பதும் பதினாறும் தொண்ணூத்தாறு. வெட்டினது பெரிய துண்டுல, ஒட்டினது சின்னத் துண்டுல."

ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். அண்ணி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு எண்பது, பதினாறு என்று அசைந்தது.

"இவ்வளவுதானா" என்றார்.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "இதைத்தானே அன்னிக்கு உன்கிட்ட கேட்டேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கு வாய்க்கா பஞ்சம். கடன் பிரிவுக்காரர் அறுபது சதவீதத்துக்கு வேண்டுமானால் இன்றைக்கே எழுதிவிடலாம் என்றார். மீதி இருபதுக்கு அண்ணிக்கு இன்னொரு செட் நகை முளைக்க வேண்டும். "கிட்டத்தட்ட முப்பதுதானே" என்று நான் கேட்டுப் பார்த்தேன். அவர் பாவம் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து, "சம்பளப் பிரிவுல இருக்கிற நீங்களே இப்படிக் கேட்கலாமா?" என்றார்.

அன்று ராத்திரி நான் ஒரு வழி சொன்னேன். முப்பதாயிரம் என்று ஒரு சீட்டு அடித்துத் தருகிறேன், எனக்கு ஒரு பட்டன் தட்டும் வேலைதான் என்றேன். அண்ணன் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இல்லாத நாலை இருக்குன்னு எழுதணுமா? வேண்டாம்."

முட்டாள்தனம்தான். ஆனால் எனக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். கையெழுத்தாகிவிட்டது, இரண்டு வருஷத்துக்கு எதுவும் செய்வதற்கில்லை என்றார்.

"நீங்க இருபத்தஞ்சு கையில வச்சிருந்தீங்க சார்."

"வச்சிருந்தேன். நீயும்தானே வச்சிருந்த?" என்றார்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் மேஜையில் ஒரு நூறு சென்டிமீட்டர் துண்டை வைத்து இருபதை அறுத்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அறுத்த துண்டைத் திரும்ப எடுக்கவில்லை. அதை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, எண்பதை அளந்து ஐந்தாகக் கோடு போட்டான். ஒரு பங்கு பதினாறு. அந்த அளவுக்கு வேறொரு ஃபோமில் வெட்டி, எண்பதோடு ஒட்டினான். டேப்பை வைத்தான். எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். மூன்றாம் தடவை வைத்தபோது டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி அப்படியே நின்றான். அவன் அளந்ததில் அளவு குறைந்த முதல் துண்டு அதுவாகத்தான் இருக்கும்.

மதியம் அதைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனான். நான் என் அறை வாசலில் நின்று பார்த்தேன், பெஞ்சுமேல் ஏறவில்லை. ஒவ்வொரு மேஜையாகப் போய்த் துண்டை வைத்து, டேப்பைக் காட்டிச் சொன்னான். ஒருத்தருக்குப் புரியாவிட்டால் இரண்டாம் தடவையும் சொன்னான். கடைசியில், "தப்பு என்னோடது. நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்றான். என் பெயரை எடுக்கவே இல்லை. தப்பு என்னோடது என்ற அந்த ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்நாளில் ஒருவரிடமும் சொன்னதில்லை. பதினெட்டு வருஷமாகச் சொல்லத் தேவைப்படாததுதான் என் பெருமையாக இருந்தது.

யாரும் அவனைத் திட்டவில்லை. ஓரம் தைக்கும் அக்கா எழுந்து நேராக என் அறைக்கு வந்தார். கையில் சாப்பிட்ட ஈரம்கூடக் காயவில்லை.

"உனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"சொன்னேனே. நீங்கதான் வயிற்றெரிச்சல்னு சொன்னீங்க."

"சொல்லலைம்மா நீ. திட்டின."

அவ்வளவுதான், போய்விட்டார். மெத்தை ஓரம் தைக்கிற, சீட்டில் தன் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெண்பிள்ளை.

பதினோராம் நாள் கெடு முடிந்தது. வீட்டுக்காரர் நல்லவர், சாமான் ஏற்ற ஒரு வாரம் கூடுதலாகக் கொடுத்தார். முன்பணத்தைக் கொடுக்கும் அளவுக்கு நல்லவர் இல்லை. அண்ணனும் அண்ணியும் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு மாடியில் இடம் பிடித்தார்கள். அண்ணன் போய் டேப் வைத்து அளந்துவிட்டு வந்தான். கட்டில் போகும், பீரோ போகும், சாப்பாட்டு மேஜை போகாது என்றான்.

காலி செய்வதற்கு முதல்நாள் அண்ணி பாத்திரங்களைப் பழைய தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன். பின்னறையில் என் அலமாரி இன்னும் அப்படியே இருந்தது, யாரும் அதற்கு அளவு எடுக்கவில்லை.

"அண்ணி, அங்க என் அலமாரியை எங்க வைக்கிறது?"

அவர் ஒரு தட்டைச் சுற்றி முடித்து, இன்னொன்றை எடுத்தார்.

"அங்க ஒரே ஒரு ரூம்தான்" என்றார். "நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. உனக்குத்தான் எல்லாம் சீக்கிரம் புரியுமே."

புரிந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.